ஸ்பிரிங் இல்லாத பூட்டும் நமது கடைக் கதவும்

ஒரு கடையை எடுப்பதற்குக் கீமணி என்று இலட்சக்கணக்கில் கொடுக்கிறோம். அலுமாரிக்கும் கண்ணாடிக்கும் பெயர்ப்பலகைக்கும் தாராளமாகச் செலவு செய்கிறோம். கடன்பட்டாவது சாமான்களைக் கொண்டுவந்து கடையை நிரப்புகிறோம். எல்லாம் முடிந்த பிறகு, கடை திறப்பதற்கு முதல்நாள் மாலையில், ஒரு பையனைக் கூப்பிட்டு, "தம்பி, ஓடிப்போய் ரெண்டு ஆமைப்பூட்டு வாங்கிட்டு வா" என்று அனுப்புகிறோம். அவன் எதைக் கொண்டு வருகிறானோ அதுதான் நமது முழு முதலுக்கும் காவல்!

இரும்புச் சாமான் வியாபாரத்தில் முப்பது வருடங்களுக்கு மேலாக இருக்கிறேன். பூட்டு வாங்க வருகிறவர்கள் வழமையாக இரண்டு கேள்விகளைத்தான் கேட்பார்கள். "என்ன விலை நானா?" என்பது முதலாவது. "நல்ல பாரமானது இல்லையா?" என்பது இரண்டாவது. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் பூட்டின் பலமும் பலவீனமும் உள்ளேதான் இருக்கின்றன. குறிப்பாக, ஒரு நெல்மணியளவு கூட இல்லாத சின்னஞ்சிறு ஸ்பிரிங்கில் இருக்கின்றன. அந்த ஸ்பிரிங் இல்லாமலே ஒரு பூட்டைச் செய்ய முடியுமா? முடியும் என்று நூறு வருடங்களுக்கு முன்பே ஒருவர் செய்து காட்டியிருக்கிறார். அதைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத நினைத்தேன்.

ஸ்பிரிங் செய்யும் வேலை

நாம் சாதாரணமாகப் பாவிக்கும் பூட்டின் நடுவில் ஓர் உருளை இருக்கிறது. திறப்பைப் போட்டுத் திருப்பும்போது சுற்றுவது இந்த உருளைதான். அது தானாகச் சுற்றிவிடாமல் நான்கைந்து ஊசிகள் அதைத் தடுத்துக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு துவாரத்திலும் இரண்டு ஊசிகள் உண்டு. ஒன்று திறப்பைத் தொடும் ஊசி. மற்றது அதற்குப் பின்னால் நிற்கும் காவல் ஊசி. காவல் ஊசியைப் பின்னாலிருந்து ஒரு ஸ்பிரிங் தள்ளிக்கொண்டே இருக்கும். அதனால் அந்த ஊசி பாதி உருளைக்குள்ளும் பாதி பூட்டின் உடலுக்குள்ளுமாக நின்று சுற்றவிடாமல் தடுக்கும். சரியான திறப்பின் பற்கள் எல்லா ஊசிகளையும் சரியான அளவுக்குத் தள்ளியதும் வழி விடுபட்டு உருளை சுற்றும்.

அமெரிக்காவைச் சேர்ந்த லைனஸ் யேல் என்பவர் 1848இல் ஊசிப் பூட்டொன்றைச் செய்தார். அதே பெயர் கொண்ட அவரது மகன் 1860களில் அதைத் திருத்தி, இன்று நாம் சட்டைப்பையில் கொண்டு திரியும் சிறிய தட்டையான திறப்புக்கு ஏற்றதாக்கினார். இன்றும் உலகத்தில் பெரும்பாலான கதவுகளைக் காப்பது அந்த ஏற்பாடுதான்.

அதற்கு முன்னர் ஸ்பிரிங் இருக்கவில்லையா என்று கேட்கலாம். பண்டைய எகிப்திலும் மெசபத்தேமியாவிலும் பெரிய மரப்பூட்டுக்கள் இருந்தன. அவற்றில் மர ஊசிகள் தமது சொந்தப் பாரத்தால் கீழே விழுந்து தாழ்ப்பாளைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் பாரத்தை நம்பிய பூட்டை நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும். சிறிதாக்கினால் ஊசிக்குப் பாரம் போதாது. ஆமைப்பூட்டைப் போல் ஆடுகின்ற, புரளுகின்ற பூட்டுக்கு அது சரிவராது. அந்தக் குறையைத்தான் ஸ்பிரிங் தீர்த்து வைத்தது.

ஆனால் ஒரு குறையைத் தீர்க்க வந்தது வேறு இரண்டு குறைகளைக் கொண்டு வந்தது.

முதலாவது, ஸ்பிரிங்கின் துள்ளல். எதனால் ஊசி தள்ளப்படுகிறதோ அதனாலேயே அது துள்ளவும் செய்கிறது. பூட்டுக்கு ஓர் அதிர்ச்சி கொடுத்தால் காவல் ஊசிகள் ஒரு நொடிக்கும் குறைவான நேரம் எம்பி விலகுகின்றன. அந்த நேரத்தில் உருளையைத் திருப்பிவிடும் தந்திரம் 2005, 2006 காலப்பகுதியில் ஐரோப்பாவில் பகிரங்கமாகி, பூட்டுக் கம்பனிகளுக்குப் பெரிய தலையிடியானது. பூட்டு உடைந்திருக்காது. வெளிப்பார்வைக்கு ஒன்றும் நடந்திருக்காது.

இரண்டாவது, ஸ்பிரிங்கின் ஆயுள். நமது கடைகளின் ரோலர் கதவுப் பூட்டு பெரும்பாலும் நிலத்தோடு ஒட்டியே கிடக்கிறது. மழைத்தண்ணீர், தெருப்புழுதி, கூட்டிய குப்பை எல்லாம் அதற்குள் போகின்றன. கரையோர ஊர்களில் உப்புக்காற்றும் சேர்கிறது. பூட்டு இறுகிவிட்டது என்று நாம் தேங்காயெண்ணெயை விடுகிறோம். அது புழுதியோடு சேர்ந்து பசையாகிவிடுகிறது. தலைமயிர் தடிப்பில் இருக்கும் கம்பிச் சுருள் இதையெல்லாம் எத்தனை வருடம் தாங்கும்?

களவு போன கடை, சந்தேகத்துக்குள்ளான ஊழியர்

எங்கள் கடைத்தெருவில் பல வருடங்களுக்கு முன் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு புடைவைக் கடையில் இரவில் மேசை இலாச்சியில் வைத்திருந்த பணம் காணாமல் போனது. கதவில் ஒரு கீறலும் இல்லை. பூட்டு பூட்டியபடியே இருந்தது. திறப்பு இருந்தது இருவரிடம்தான். ஒன்று முதலாளியிடம். மற்றது ஒன்பது வருடமாக அங்கு வேலை செய்த ஊழியரிடம். முதலாளி யாரைச் சந்தேகித்திருப்பார் என்று நான் சொல்லத் தேவையில்லை. பொலிஸில் வாக்குமூலம் எடுத்தார்கள். ஒன்றும் நிரூபணமாகவில்லை. ஆனாலும் அந்த மனிதரால் அதற்குப் பிறகு அந்தத் தெருவில் தலைநிமிர்ந்து நடக்க முடியவில்லை. வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார்.

இரண்டு மாதங்களுக்குப் பின் வேறு அலுவலாக என்னிடம் வந்த முதலாளி அந்தப் பூட்டையும் கொண்டு வந்தார். "அதே மாதிரி ஒண்டு தாங்க" என்றார். எனக்கு ஒரு யோசனை தோன்றியது. அதே வகைப் பூட்டைப் பாவித்த பக்கத்துக் கடைகளின் திறப்புக்களை வாங்கி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். ஐந்தாவது திறப்புக்கு அது திறந்தது. முதலாளியின் முகம் வெளுத்துவிட்டது.

பூட்டை வாளால் அறுத்துப் பார்த்தோம். நான்கு ஸ்பிரிங்குகளில் இரண்டு துருவாகக் கொட்டின. அந்த இரண்டு காவல் ஊசிகளும் பின்னுக்குப் போய் ஒட்டிக்கொண்டிருந்தன. அதாவது நான்கு காவல்காரர்களில் இருவர் எப்போதோ வேலையை விட்டுவிட்டார்கள். மற்ற இருவரை ஏமாற்றப் பக்கத்துக் கடைத் திறப்பே போதுமாக இருந்தது.

இங்கேதான் வியாபாரிகள் கவனிக்க வேண்டிய விடயம் இருக்கிறது. அவ்வளவு காலமும் முதலாளியின் திறப்பு வழமைபோலத் திறந்தது, வழமைபோலப் பூட்டியது. பூட்டு பழுதாகிவிட்டது என்று அவருக்குத் தெரிய எந்த வழியும் இருக்கவில்லை. காவல் ஊசி பின்னால் ஒட்டிக்கொண்டால் பூட்டு முன்பைவிட இலகுவாகத் திறக்கும். நாமும் "நல்ல பூட்டு" என்று சந்தோசப்படுவோம்!

கள்வன் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. முதலாளி ஊழியரின் வீடு தேடிப்போய்ப் பேசினார் என்று கேள்விப்பட்டேன். ஆனால் அவர் திரும்பி வரவில்லை.

பின்லாந்துக்காரரின் யோசனை

பூட்டு தன் எஜமானுக்கு உண்மையைச் சொல்ல வேண்டும் என்பது பழைய ஆசை. 1817இல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் கப்பல் தளத்தில் கள்ளத் திறப்புப் போட்டுக் களவு நடந்தது. பிரிட்டிஷ் அரசாங்கம், தனக்குரிய திறப்பால் மட்டுமே திறக்கக்கூடிய பூட்டைச் செய்பவருக்கு 100 பவுண் பரிசு என்று அறிவித்தது. மறுவருடம் ஜெரமையா சப் என்பவர் செய்த பூட்டு, யாராவது உள்ளே கைவைத்தால் இறுகிப்போய், உரிமையாளர் வந்து திறப்பைப் போடும்போது அதைக் காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் அதிலும் ஸ்பிரிங் இருந்தது.

ஸ்பிரிங்கையே எடுத்துவிட்டவர் பின்லாந்தைச் சேர்ந்த எமில் ஹென்ரிக்சன். 1907இல் அவர் இதைக் கண்டுபிடித்தபோது அவருக்கு வயது இருபத்தொன்றுதான். நுட்பமான இயந்திரங்களைத் திருத்தும் தொழிலாளி. கடைகளில் பணம் வாங்கிப் போடும் கேஷ் ரெஜிஸ்டர் இயந்திரத்துக்குள் சுழலும் வட்டத் தட்டுக்களைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனை வந்தது. தன் தொழிலை உற்றுப் பார்ப்பவனுக்கு அதிலேயே அடுத்த தொழிலும் தெரியும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

அந்தப் பூட்டின் பெயர் அப்லோய். சுவீடிஷ் மொழியிலும் பின்னிஷ் மொழியிலும் கம்பனியைக் குறிக்கும் சுருக்கெழுத்துக்களை முன்னும் பின்னும் வைத்து, பூட்டு என்று பொருள்படும் "லுக்கோ" என்ற பின்னிஷ் சொல்லை இடையில் வைத்து ஆக்கிய பெயர் அது. 1994இல் அந்தக் கம்பனி சுவீடனின் அசா கம்பனியோடு இணைந்து அசா அப்லோய் ஆனது. 2000ஆம் ஆண்டில் யேல் பெயரையும் அதுவே வாங்கியது. ஊசியின் வீட்டைத் தட்டு வாங்கிய கதை!

தள்ளுவதும் திறப்பு, திருப்புவதும் திறப்பு

இந்தப் பூட்டின் உருளைக்குள் ஊசிக்குப் பதிலாக வட்டத் தட்டுக்கள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு தட்டின் ஓரத்திலும் ஒரு வெட்டு உண்டு. பூட்டியிருக்கும்போது இந்த வெட்டுக்கள் வெவ்வேறு திசைகளில் இருக்கும். உருளைக்குப் பக்கத்தில் நீளமாக ஒரு கம்பி. அந்தக் கம்பி உருளைக்கும் உடலுக்கும் இடையில் நின்று சுற்றவிடாமல் தடுக்கிறது.

திறப்பின் வெட்டுக்கள் மலைபோல ஏறி இறங்காமல் வெவ்வேறு சரிவில் செதுக்கப்பட்டிருக்கும். திறப்பைத் திருப்பும்போது அது ஒவ்வொரு தட்டையும் வெவ்வேறு அளவுக்குச் சுழற்றுகிறது. எல்லா வெட்டுக்களும் ஒரே நேர்கோட்டில் வந்ததும் ஒரு வாய்க்கால் உண்டாகிறது. கம்பி அதற்குள் விழுகிறது. உருளை சுற்றுகிறது. பூட்டுவதற்குத் திறப்பை மறுபக்கம் திருப்பும்போது, அதே திறப்பு தட்டுக்களைப் பழையபடி கலைத்துவிடுகிறது. தட்டுக்களைத் திரும்பக் கொண்டுவருவதற்கு ஸ்பிரிங் தேவையே இல்லை.

இதனால் கிடைக்கும் நன்மைகளைப் பாருங்கள். துள்ளுவதற்கு ஒன்றும் இல்லாததால் அதிர்ச்சித் தந்திரம் இதனிடம் பலிக்காது. தட்டின் ஓரத்தில் ஆழமில்லாத பொய் வெட்டுக்களையும் செதுக்கி வைப்பதால், கம்பியால் தடவிப் பார்ப்பவன் எது உண்மை எது பொய் என்று குழம்புவான். துருப்பிடித்து இத்துப்போகும் மெல்லிய சுருளும் இல்லை.

இவற்றைவிட நான் பெரிதாக மதிப்பது வேறொன்று. புழுதியோ துருவோ ஏறி ஒரு தட்டு இறுகிவிட்டால் அதன் வெட்டு நேர்கோட்டுக்கு வராது. நமது திறப்புக்கே பூட்டு திறக்காது. அன்று கடை திறக்கப் பிந்தும், நமக்கு எரிச்சல் வரும். ஆனால் பூட்டு பழுதாகிவிட்டது என்று அன்றே தெரிந்துவிடும். ஊசிப்பூட்டு நமக்குத் தெரியாமல் கெட்டுக் கதவைத் திறந்து வைக்கக்கூடியது. தட்டுப்பூட்டு பெரும்பாலும் நம்மிடம் சொல்லிவிட்டுத்தான் கெடும். ஊழியரிலும் பங்காளியிலும் இந்த இரண்டாவது ரகத்தைத்தானே தேடுகிறோம்?

பேனாவிடம் தோற்ற பூட்டு

அமெரிக்காவில் கிரிப்டோனைட் என்பது பேர்பெற்ற சைக்கிள் பூட்டு. கனத்த இரும்பு, நல்ல விலை. அதன் திறப்பு குழாய் வடிவமானது. உள்ளே வட்டமாக ஊசிகளும் ஸ்பிரிங்குகளும் இருந்தன. 2004ஆம் ஆண்டு செப்டெம்பரில் ஒருவர், சாதாரண பிளாஸ்டிக் பேனாக் குழாயால் அதைத் திறக்கலாம் என்று வெளிப்படுத்தினார். சில நாட்களில் உலகம் முழுவதும் செய்தியாகிவிட்டது. கம்பனி இலட்சக்கணக்கான பூட்டுக்களை இலவசமாக மாற்றிக் கொடுக்க வேண்டியதாயிற்று. பிறகு அவர்கள் எந்த ஏற்பாட்டுக்கு மாறினார்கள் தெரியுமா? சுழலும் தட்டுக்கு!

அதற்காகத் தட்டுப்பூட்டு யாராலும் திறக்க முடியாதது என்று நான் சொல்லமாட்டேன். இலண்டனில் ஜோசப் பிராமாவின் பூட்டு, திறப்பவருக்கு 200 கினி பரிசு என்ற அறிவிப்போடு பல தசாப்தங்களாகக் கடைக் கண்ணாடிக்குள் இருந்தது. 1851இல் ஹொப்ஸ் என்ற அமெரிக்கர் 16 நாட்களில் 51 மணித்தியாலம் செலவழித்து அதைத் திறந்து பணத்தையும் வாங்கிக்கொண்டார். தட்டுப்பூட்டுக்கும் விசேட கருவிகளும் கைதேர்ந்தவர்களும் உண்டு. பூட்டு விற்பது நேரத்தைத்தான். கள்வனுக்கு ஐந்து நிமிடமா, ஐந்து மணித்தியாலமா என்பதுதான் கேள்வி.

வாங்கும்போது

நமது சந்தையிலும் பல விலைகளில் தட்டுப்பூட்டுக்கள் கிடைக்கின்றன. திறப்பைப் பார்த்தாலே அடையாளம் தெரியும். தண்டு தட்டையாக இல்லாமல் அரைவட்டமாக, வெட்டுக்கள் சரிவாக இருக்கும். ஆனால் தட்டு என்றவுடன் மயங்கிவிட வேண்டாம். மலிவான வேலைப்பாட்டில் தட்டுக்கள் லொடலொடவென்று ஆடும். அப்படியானதில் பெயர் மட்டும்தான் தட்டுப்பூட்டு. ஒரே ரகத்தில் இரண்டு மூன்று பூட்டுக்களை எடுத்து ஒன்றின் திறப்பை மற்றதில் போட்டுப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் வேறு கடைக்குப் போங்கள்.

இதற்குத் திறப்பு வெட்டுவது சாதாரண இயந்திரத்தில் முடியாது. கள்ளத் திறப்புக்கு அது தடை. நமக்கும் அது கரைச்சல். ஆகவே மேலதிகத் திறப்பை வீட்டில் பத்திரப்படுத்துங்கள். ஸ்பிரிங் இல்லையென்றாலும் பராமரிப்பு வேண்டும். தேங்காயெண்ணெய் வேண்டாம், மெல்லிய இயந்திர எண்ணெய் சில துளிகள் போதும். பூட்டு மாட்டும் கொண்டியையும் பாருங்கள். நல்ல பூட்டைத் தகரக் கொண்டியில் மாட்டினால் கள்வன் பூட்டைத் தொடவே மாட்டான்.

ஏற்கெனவே தொங்கும் பழைய பூட்டை இன்றிரவே சோதியுங்கள். பக்கத்துக் கடைக்காரரையும் கூப்பிட்டு, அவர் திறப்பை உங்கள் பூட்டிலும் உங்கள் திறப்பை அவர் பூட்டிலும் போட்டுப் பாருங்கள். செலவில்லாத வேலை. பூட்டு திறந்துவிட்டால் அதை அப்போதே கழற்றி எறியுங்கள். போன பணத்தை மறுபடி உழைத்துக்கொள்ளலாம். ஒரு மனிதரின் மேல் விழுந்த சந்தேகத்தை எந்தத் திறப்பாலும் கழற்ற முடியாது.