பெற்றோர் மறைக்கலாகாத குறை

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசிச் சாலையெங்கும் குடும்பங்களின் கூட்டம். ஐந்தருவியிலும் பழைய குற்றாலத்திலும் தாய்மார் தம் ஆண் மக்களுக்கு எண்ணெய் தேய்த்து நீராட்டுவதைக் காண்கிறோம். அவ்வேளையில் ஒரு தாய்க்கு ஐயம் எழக்கூடும்: பிள்ளையின் விரைப்பை வெறுமையாக இருக்கிறதே! நாணத்தால் அதனைக் கணவரிடமும் கூறாது விடுவோர் உண்டு. அன்பர்களே, இது நாணவேண்டிய செய்தியன்று, அறியவேண்டிய செய்தி.

கருவிலுள்ள ஆண் குழந்தையின் விரைகள் வயிற்றினுள் உருவாகி, பிறக்குமுன் விரைப்பைக்குள் இறங்குகின்றன. நிறைமாதக் குழந்தைகளுள் நூற்றுக்கு 3 பேருக்கேனும் இவை இறங்காதிருப்பதுண்டு. குறைமாதக் குழந்தைகளிடம் இது மிகுதி. பெரும்பாலும் முதல் சில மாதங்களில் தாமே இறங்கிவிடும். ஓராண்டில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒருவருக்கே குறை எஞ்சும்.

ஆயினும் அருவிக்கரையில் முடிவு செய்யாதீர். குளிர்நீர் பட்டால் நலமுள்ள சிறுவனுக்கும் விரைகள் மேலேறி மறையும். வெந்நீரில் குளித்து உடல் தளர்ந்திருக்கையில் பாருங்கள். ஆறு மாதம் நிறைந்தும் காணாவிடில் மருத்துவரிடம் செல்லுங்கள். பிறந்தபோதே இருபுறமும் காணாவிடில் ஒரு நாளும் காத்திராதீர்.

விரைப்பை உடலினும் சில டிகிரி குளிர்ந்த இடம். உள்ளே தங்கும் விரை, உடற்சூட்டினால் வித்தணுக்களை ஆக்கும் திறனை இழக்கும். ஒருபுறம் மட்டும் குறையுடையோர் பலர் தந்தையராகின்றனர்; இருபுறமும் கவனியாது விட்டால் மகப்பேறு அரிதாகும். பிற்காலத்தில் புற்றுநோய்க்கும் வாய்ப்பு மிகும்.

பரிகாரம் அறுவைச் சிகிச்சையே. மயக்க மருந்து கொடுத்து, அரையிடுக்கில் சிறிது கீறி, விரையைக் கீழிறக்கி, பையினுள் தைத்து நிறுத்துவர். 1877ஆம் ஆண்டிலேயே எடின்பரோவில் தாமஸ் அனண்டேல் இதனை வெற்றியுடன் செய்தார். இன்று ஆறு மாதத்திற்கும் ஒன்றரை வயதிற்கும் இடையே செய்வதே நன்று என்பர். பெரும்பாலான குழந்தைகள் அன்றோ மறுநாளோ வீடு திரும்புகின்றனர். அவ்வயது கடந்தவர்களும் மருத்துவரை அணுகுவது பயனுடையதே.

தென்காசியில் அரசுத் தலைமை மருத்துவமனை உண்டு. பாளையங்கோட்டையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உண்டு. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிக்கே வருகின்றனர். அவர்களிடம் கூசாது கூறுங்கள்.

“பெரியவனானால் சரியாகிவிடும்” என்னும் பாட்டிமாரின் ஆறுதல் அன்பினால் வருவதே. ஆனால் அது காலத்தைக் கடத்திவிடும். திருமண ஓலை வாசிக்கப்படும் நாளில் மகன் தனியே கலங்குவதைவிட, அவன் தொட்டிலில் கிடக்கும்போதே பெற்றோர் வாய் திறப்பது மேலன்றோ?