தாழப் பறந்து தரையைக் கவ்வும் பந்து

கோல்ஃப் ஆட்டத்தை முதன்முதலாகப் பார்க்கிறவர்களின் கண்ணைக் கவர்வது, தொடக்கத்தில் நீண்ட மட்டையால் விசிறி அடிக்கப்பட்டு இருநூறு முந்நூறு கஜ தூரத்துக்கு வானில் பறந்து செல்லும் பந்துதான் என்றாலும், அந்த ஆட்டத்திலேயே ஊறியவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்ப்பது வேறோர் அடியை. குழியிலிருந்து அறுபது எழுபது கஜம் தள்ளி நிற்கிறார் ஆட்டக்காரர். பாதி வீச்சு என்றுகூடச் சொல்ல முடியாத ஒரு சிறு வீச்சால் அவர் பந்தைத் தட்ட, அது ஒரு தென்னை உயரமும் எழும்பாமல் காற்றைத் துளைத்துக்கொண்டு சென்று கிரீன் என்னும் வழவழப்பான புல்தரையில் விழுகிறது. நிச்சயமாக மறுகோடிக்கு ஓடிவிடும் என்று நாம் எண்ணும் வேகத்தில் ஒரு முறை முன்னோக்கித் துள்ளுகிறது. இரண்டாவது துள்ளலில் தரையைக் கவ்விக்கொண்டு, கொடிக்கம்பத்துக்கு அருகிலேயே நின்றுவிடுகிறது. உயரத்திலிருந்து செங்குத்தாக இறங்கும் பந்து விழுந்த இடத்தில் நிற்பதில் ஆச்சரியம் இல்லை. தாழ்ந்து வரும் பந்து உருண்டோடுவதே இயற்கையாக இருக்க, இது மட்டும் எப்படி நிற்கிறது?

இந்த அடிக்கு உரிய மட்டைக்கு வெட்ஜ் என்று பெயர். மற்ற இரும்பு மட்டைகளைக் காட்டிலும் இதன் முகம் மிகவும் மல்லாந்திருக்கும். அந்தச் சாய்வு ஏறத்தாழ 46 பாகையில் தொடங்கி 60 பாகை வரையிலும், சிலவற்றில் அதற்கு மேலும் செல்லும். மணற்பள்ளத்திலிருந்து பந்தை வெளியேற்றுவதற்கான வெட்ஜை அடிப்பாகத்தில் கனம் சேர்த்துச் செம்மைப்படுத்திய பெருமை அமெரிக்கரான ஜீன் சாரசென்னுக்கு உரியது. அந்த மட்டையோடு இங்கிலாந்து சென்ற அவர், 1932இல் சாண்ட்விச் ஊரை ஒட்டிய பிரின்சஸ் மைதானத்தில் பிரிட்டிஷ் ஓபன் பட்டத்தை வென்றார். மணலுக்காகப் பிறந்த மட்டை நாளடைவில் புல்தரைக்கும் உரியதாயிற்று.

விஷயத்தின் சூட்சுமம் முழுவதும் மட்டையும் பந்தும் ஒன்றையொன்று ஸ்பரிசிக்கும் க்ஷணத்தில் அடங்கியிருக்கிறது. அந்தக் காலம் ஒரு விநாடியில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான். அதற்குள் பந்து இரும்பு முகத்தில் மோதிச் சற்றே நசுங்கி, சாய்வான அந்த முகத்தின்மேல் ஏற முற்படுகிறது. முகத்துக்கும் பந்தின் மேல்தோலுக்கும் இடையே எழும் உராய்வோ அதை ஏறவிடாமல் கீழ்நோக்கிப் பிடித்து இழுக்கிறது. இழுப்பதால் பந்து பின்புறமாகச் சுழலத் தொடங்குகிறது; தரையில் விழுந்ததும் அதை ஓடவிடாமல் நிறுத்துவது இந்தச் சுழற்சிதான். அதே இழுப்பினால் அது புறப்படும் கோணமும் தாழ்கிறது. தாழ்வும் சுழற்சியும் ஒன்றுக்கொன்று பகை என்று நாம் எண்ணிக்கொண்டிருக்க, உண்மையில் அவை ஒரே பிடியிலிருந்து பிறக்கும் இரட்டைப் பிள்ளைகளாக இருப்பதை அறியும்போது, இந்த அடியின் மர்மத்தில் பாதி விலகிவிடுகிறது.

பிடி தளர்ந்தால் நேர்வதும் இதையே உறுதிப்படுத்தும். முகத்தில் ஈரமோ புல்லின் சாறோ படிந்திருந்தால் பந்து வழுக்கி மேலேறி, அழகாக உயர எழும்பி, பார்ப்பவர் பாராட்டும்படியாக மிதந்து சென்று, தரையில் விழுந்தபின் கேட்பாரற்று ஓடுகிறது. சேற்றில் சிக்கிய வண்டியின் சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் வண்டி நகராததுபோல, இங்கும் குறைவது விசை அன்று, பற்று. சாய்வு அதிகமான மட்டைதான் அதிகமாகச் சுழற்றும் என்ற அபிப்பிராயமும் ஓர் எல்லை வரையில்தான் உண்மை. மட்டை இறங்கிவரும் திசைக்கும் அடிக்கும் நேரத்தில் முகம் காட்டும் சாய்வுக்கும் இடையே உள்ள கோணம் அகல அகலச் சுழற்சி பெருகுகிறது. ஆனால் அந்தக் கோணம் அளவு மீறிப்போனால் உராய்வுக்குப் பந்தைப் பிடித்து நிறுத்தும் வலிமை போய்விடுகிறது. தேர்ந்த ஆட்டக்காரர்கள் பலர் இந்தத் தாழ்ந்த அடிக்கு 60 பாகை மட்டையை உறையிலேயே விட்டுவிட்டு 54 அல்லது 56 பாகை மட்டையை எடுப்பதன் காரணம் இதுவே.

அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர்களின் அடிகளை ராடார் கருவியால் அளந்து கண்ட சராசரிக் கணக்கு ஒன்று இங்கே கவனிக்கத்தக்கது. ஏறத்தாழ 46 பாகைச் சாய்வுள்ள பிட்சிங் வெட்ஜிலிருந்து அவர்களுடைய பந்து 24 பாகையில்தான் புறப்படுகிறது. நிமிஷத்துக்கு 9,300 சுற்று வீதம் பின்புறமாகச் சுழல்கிறது. நீண்ட மட்டையால் அடித்த பந்து ஏறத்தாழ 2,700 சுற்றோடு போவதை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். மட்டையில் உள்ள சாய்வில் பாதியளவே பந்தின் பாதையில் தெரிகிறது என்றால், மீதி எங்கே போயிற்று? ஒரு பகுதி, கைகள் பந்துக்கு முன்னே சென்று முகத்தை நிமிர்த்திவிடுவதில் கரைந்தது. மறு பகுதி உராய்வின் பிடியில் கரைந்தது.

சுழற்சியின் சாஸ்திரத்தை கோல்ஃப் உலகம் அறிந்துகொண்ட கதையும் சுவையானது. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பௌதிகப் பேராசிரியராக இருந்த பீட்டர் குத்ரி டெய்ட் என்பவர், 1890களில், பறக்கும் பந்தின் கணக்கை ஆராயப் புகுந்தார். பந்தில் ஒரு நீண்ட நாடாவின் ஒரு முனையை முறுக்கில்லாமல் பொருத்தி, மறுமுனையைத் தரையில் கட்டி, தேர்ந்த ஆட்டக்காரர் ஒருவரைக் கொண்டு சில அடி தூரத்தில் இருந்த களிமண் சுவரில் அந்தப் பந்தை அடிக்கச் செய்தார். பிறகு நாடாவை எடுத்துப் பார்த்தால் அதில் முறுக்கு ஏறியிருந்தது. நன்றாக அடித்த பந்து பின்புறமாகச் சுழல்கிறது என்பதற்கு அதைவிட எளிய சாட்சி வேண்டுமோ? எந்தச் சுழற்சியும் கேடு என்று தாம் இளமையில் போதிக்கப்பட்டதாக எழுதிய அதே டெய்ட்தான், பின்சுழற்சியே பந்தைக் காற்றில் தாங்கிப் பிடிக்கிறது என்று நிறுவினார். அவருடைய புதல்வர் ஃபிரெடி டெய்ட் 1896லும் 1898லும் பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டத்தை வென்றவர் என்பதையும் சேர்த்து நினைக்கையில், அந்த வீட்டுச் சம்பாஷணைகள் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது.

மட்டையின் முகத்தில் குறுக்கே ஓடும் வரிப்பள்ளங்களைப் பற்றிப் பலருக்கும் தவறான எண்ணம் உண்டு. அவை பந்தைப் பல்லால் கடிப்பதற்காக வெட்டப்பட்டவை அல்ல. இடையில் சிக்கும் நீரும் புல்லும் வடிந்துபோக வழிவிட்டு, இரும்பும் பந்தும் நேராகச் சேர உதவுவதே அவற்றின் பிரதான வேலை. கூர்மையான விளிம்புள்ள ஆழ்ந்த பள்ளங்கள் அடர்ந்த புல்லிலிருந்தும் ஏராளமான சுழற்சியைத் தந்துவிடவே, பந்தை நேர்வழியில் அடித்தவருக்கும் புல்லுக்குள் தொலைத்தவருக்கும் பேதமில்லாமற் போகிறது என்று கருதி, ஆட்ட விதிகளை வகுக்கும் சபையார் 2010 முதல் உயர்நிலைப் பந்தயங்களில் பள்ளத்தின் கொள்ளளவுக்கும் விளிம்பின் கூர்மைக்கும் வரம்பு விதித்தார்கள். திறமைக்குரிய வெகுமதியைக் கருவி பறித்துக்கொள்ளலாகாது என்ற அந்த முடிவு மிகவும் நியாயமானதென்றே நான் கருதுகிறேன். பந்தின் தோலும் முக்கியம்: மிருதுவான யூரித்தேன் தோல் போர்த்த பந்து முகத்தைப் பற்றிக்கொள்வதுபோல, மலிவான பந்துகளின் கடினமான தோல் பற்றிக்கொள்வதில்லை. ஒவ்வோர் அடிக்கு முன்பும், மட்டைகளைச் சுமந்து உடன்வரும் கேடி ஈரத்துணியால் மட்டையின் முகத்தைத் தேய்த்து, பிறகு உலர்ந்த முனையால் துடைத்துக் கொடுப்பது வெறும் மரியாதைக்காக அன்று.

இனி அடிக்கும் முறை. வலக்கை ஆட்டக்காரர் பாதங்களைச் சற்று நெருக்கி வைத்து, உடலின் பாரத்தில் பாதிக்கு மேல் இடக்காலில் தாங்கி, பந்தை இரு பாதங்களுக்கும் நடுவில், அல்லது அதிலிருந்து ஒரு விரற்கடை பின்னால் இருத்திக்கொள்கிறார். பந்து தாழப் போகவேண்டும் என்பதற்காக அதை வலப் பாதத்தின் அருகே கொண்டுபோகும்படி சிலர் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அப்படிச் செய்தால் மட்டையின் கூர்மையான முன்விளிம்பு மண்ணுக்குள் புதைந்துகொள்ளும். மண்ணில் வழுக்கிச் செல்வதற்கென்றே வளைத்துச் செய்த அடிப்பாகம் பயனற்றுப்போகும். கைகள் மட்டைத் தலைக்கு முன்பாகப் பந்தைக் கடக்கவேண்டும். மட்டை இலேசாக இறங்கிவந்து முதலில் பந்தையும் பிறகு புல்லையும் தொடவேண்டும். முகத்தின் நடுவுக்குச் சற்றுக் கீழே, அடிவரிகளில் பந்து படவேண்டும், ஏனெனில் மேல்வரிகளில் பட்ட பந்து உயர எழும்பிச் சுழற்சியை இழந்துவிடும். மார்பு இலக்கை நோக்கித் திரும்பிக்கொண்டே இருக்க, கைகள் இடுப்பளவிலேயே வீச்சை முடித்துக்கொள்கின்றன. இவையெல்லாம் அப்பியாசத்தால் வருபவை. இவற்றைக் கெடுக்கும் ஒரே சத்துரு, கடைசிக் க்ஷணத்தில் மணிக்கட்டைச் சுண்டிப் பந்தை மேலே தூக்கிவிட வேண்டும் என்று எழும் ஆசைதான். அந்த ஆசைக்கு இடம் கொடுத்தவுடன் முகம் மல்லாந்து, பிடி நழுவி, பந்து மிதக்கத் தொடங்கிவிடுகிறது.

கடற்காற்று ஓயாமல் வீசும் ஸ்காட்லாந்தின் கரையோர மைதானங்களில், உயர எழுந்த பந்தைக் காற்று தன் இஷ்டத்துக்கு இழுத்துச் செல்லும் இடங்களில், இந்த அடியின் அருமை நன்கு விளங்கும். ஆயினும் இது எல்லா இடத்துக்கும் பொருந்துவதன்று. பனி படிந்த காலைப் புல்லிலும், பந்து பாதி மறையும் அடர்ந்த புல்லிலும் பிடி கிடைக்காது. அங்கே சுழற்சியை நம்பாமல், பந்து ஓடுவதற்கும் இடம் விட்டு, கொடிக்கு முன்பாகவே அதை இறக்குவதுதான் முறை. மணற்பள்ளத்தை ஒட்டினாற்போலக் கொடி நிற்கும்போது அப்படி இறக்குவதற்கும் இடமிராது. அப்போது 60 பாகை மட்டையை எடுத்துப் பந்தை உயர அனுப்புவதைத் தவிர வேறு வழியில்லை.