காரியவட்டம் கிரீன்ஃபீல்டு விளையாட்டரங்கம்

கிரீன்ஃபீல்டு விளையாட்டரங்கம் என்பது கேரளத் தலைநகர் திருவனந்தபுரத்தில், கழக்கூட்டத்தை அடுத்த காரியவட்டத்தில் உள்ள பன்னாட்டு விளையாட்டரங்கம் ஆகும். இது கேரளப் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான நிலத்தில் கட்டப்பட்டது. இங்கு சுமார் 50,000 பேர் அமர்ந்து ஆட்டம் பார்க்கலாம். கால்பந்து, கிரிக்கெட் ஆகிய இரண்டுக்கும் ஏற்ற வகையில் இது வடிவமைக்கப்பட்டது. ஒரே புல்தரையை இரண்டு ஆட்டங்கள் பகிர்ந்துகொள்ளும்போது எழும் சிக்கல்களை இதன் வரலாற்றில் காணலாம்.

பழைய பல்கலைக்கழக அரங்கம்

கேரளப் பல்கலைக்கழகம் 1937-இல் திருவிதாங்கூர் பல்கலைக்கழகம் என்ற பெயரில் தொடங்கப்பட்டது. 1957-இல் இன்றைய பெயரைப் பெற்றது. நகரின் நடுவே பாளையத்தில் இப்பல்கலைக்கழகத்துக்கு ஏற்கெனவே ஒரு விளையாட்டரங்கம் உண்டு. அது முதன்மையாகக் கால்பந்துக்கும் தடகளத்துக்கும் உரியது. எனினும், இரண்டு பன்னாட்டு ஒருநாள் கிரிக்கெட் போட்டிகள் அங்கு நடந்தன. 1984 அக்டோபர் 1 அன்று இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் மோதிய ஆட்டம் மழையால் முடிவின்றிப் போனது. 1988 சனவரி 25 அன்று மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான ஆட்டத்தில் தமிழகத்தின் கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்த் 101 ஓட்டங்கள் எடுத்தார். ஆனால் பில் சிம்மன்ஸின் சதத்தால் மேற்கிந்தியத் தீவுகள் அணி 9 விக்கெட்டுகளில் வென்றது. அதன்பின் ஏறத்தாழ 30 ஆண்டுகள் திருவனந்தபுரத்தில் பன்னாட்டு ஆடவர் கிரிக்கெட் நடைபெறவில்லை.

புதிய அரங்கம்

35-ஆவது தேசிய விளையாட்டுப் போட்டிகளை நடத்தும் பொறுப்பு கேரளத்துக்குக் கிடைத்தபோது பெரிய அரங்கம் ஒன்று தேவைப்பட்டது. காரியவட்டத்தில் பல்கலைக்கழகத்தின் 36 ஏக்கர் நிலம் 15 ஆண்டுக் குத்தகைக்குப் பெறப்பட்டது. தனியார் நிறுவனமே அரங்கை வடிவமைத்து, கட்டி, குறிப்பிட்ட காலம் நடத்தி, பின்னர் ஒப்படைக்கும் முறை பின்பற்றப்பட்டது. 2015 சனவரி 31 அன்று தேசிய விளையாட்டுப் போட்டிகளின் தொடக்க விழா இங்கு நடந்தது.

இவ்வரங்கின் முதல் பெரிய பன்னாட்டு நிகழ்வு கால்பந்துதான். தெற்காசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் வாகையர் போட்டி 2015 டிசம்பரில் இங்கு தொடங்கியது. 2016 சனவரி 3 அன்று நடந்த இறுதியாட்டத்தில் ஆப்கானிஸ்தான் முதலில் கோல் அடித்தது. ஜெஜெ லால்பெக்லுவா அதைச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் சுனில் சேத்திரி அடித்த கோலால் இந்தியா 2–1 என வென்று ஏழாவது முறையாகக் கோப்பையைக் கைப்பற்றியது.

ஒரு களம், இரு ஆட்டங்கள்

பன்னாட்டுக் கால்பந்துக் களம் பொதுவாக 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் கொண்டது. அதன் புல் எல்லா இடத்திலும் ஒரே சீராகவும், ஆணி பதித்த காலணிகளைத் தாங்கும்படி ஆழமாக வேரூன்றியும் இருக்க வேண்டும். கிரிக்கெட்டுக்கோ மைதானத்தின் நடுவில் 20.12 மீட்டர் நீள ஆடுகளம் தேவை. களிமண்ணை உருளையால் அழுத்தி இறுக்கி, புல்லை ஒட்ட வெட்டி அதைத் தயாரிப்பார்கள். இந்த இறுகிய பகுதி கால்பந்துக் களத்தின் மையத்திலேயே அமைந்துவிடுகிறது. அங்கே பந்து வேறுவிதமாக எழும்பும். விழும் வீரருக்குக் காயமும் ஏற்படலாம். ஆடுகளத்தைப் பெயர்த்தெடுத்துப் புல் பதித்தால், அது வேர்பிடிக்கப் பல வாரங்கள் ஆகும்.

இச்சிக்கல் 2018-இல் கொச்சியில் வெளிப்படையாக வெடித்தது. 2017-இல் 17 வயதுக்குட்பட்டோருக்கான உலகக் கோப்பைக் கால்பந்து நடந்த கொச்சி நேரு அரங்கில், மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான ஒருநாள் கிரிக்கெட் போட்டியை நடத்தும் திட்டம் எழுந்தது. உலகக் கோப்பைக்காக வளர்த்த புல்தரையைத் தோண்டுவதற்குச் சுனில் சேத்திரி உள்ளிட்ட கால்பந்து வீரர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். சச்சின் டெண்டுல்கரும் அந்தத் தரையைக் காக்குமாறு கேட்டுக்கொண்டார். முடிவில் போட்டி காரியவட்டத்துக்கு மாற்றப்பட்டது. 2018 நவம்பர் 1 அன்று மேற்கிந்தியத் தீவுகள் 104 ஓட்டங்களில் சுருண்டது. இந்தியா 9 விக்கெட்டுகளில் வென்றது.

பிற்கால நிலை

2017 நவம்பர் 7 அன்று இந்தியாவும் நியூசிலாந்தும் மோதிய இருபது ஓவர் ஆட்டமே இவ்வரங்கின் முதல் பன்னாட்டு கிரிக்கெட் போட்டி. மழையால் அது 8 ஓவர்களாகக் குறைக்கப்பட்டது. இந்தியா 6 ஓட்டங்களில் வென்றது. 2023 சனவரி 15 அன்று இங்கு இலங்கையை 317 ஓட்டங்களில் இந்தியா வீழ்த்தியது. ஒருநாள் போட்டிகளில் ஓட்ட வித்தியாசத்தில் அதுவரை பதிவான மிகப்பெரிய வெற்றி அதுவே.

கொச்சியின் கால்பந்துத் தரை தப்பியது. காரியவட்டமோ படிப்படியாகக் கிரிக்கெட் அரங்கமாகவே அறியப்படலாயிற்று. 2024-இல் தொடங்கிய சூப்பர் லீக் கேரளா கால்பந்துத் தொடரில், நகரின் அணியான திருவனந்தபுரம் கொம்பன்ஸ் தன் சொந்தக் களமாகக் கொண்டது பாளையம் பகுதியிலுள்ள சந்திரசேகரன் நாயர் அரங்கத்தையே.