பச்சோந்தி ஏன் கறுக்கிறது?

தண்ணீர் தெளித்தால் ஓட்டம். கையில் எடுத்தால் நடுக்கம்!

அடிக்கடி கட்சி மாறுகிறவரைப் 'பச்சோந்தி' என்று ஏசுகிறோம். இடத்துக்குத் தக்கபடி நிறம் மாறி ஏமாற்றும் பிராணி என்பது நம் எண்ணம். பச்சோந்திக்கு இதைவிடப் பெரிய அநியாயம் வேறில்லை! அது நிறம் மாறுவது பெரும்பாலும் ஒளிந்துகொள்வதற்காக அல்ல. தன் மனத்தில் உள்ளதை வெளியே சொல்வதற்காக. அந்த நிறப் பேச்சு புரியாததால், வீடுகளில் வளர்க்கப்படும் பச்சோந்திகள் பல சத்தமில்லாமல் துன்பப்படுகின்றன.

கொண்டைக்காரன்

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பச்சோந்தி வளர்ப்பவர்கள் ஏராளம். அவர்களிடம் அதிகம் காணப்படுவது ஏமன், சவூதி அரேபியா நாடுகளைச் சேர்ந்த ஒரு வகை. தலையில் உயரமான கொண்டை இருக்கும். ஆண் பச்சோந்தி, வாலையும் சேர்த்து, ஒன்றரை அடி நீளம் வளரும். மடகாஸ்கர் தீவைச் சேர்ந்த வண்ண வண்ணப் பச்சோந்திக்கும் மவுசு உண்டு.

எந்த வகையானாலும் சுபாவம் ஒன்றுதான். தனிமையே அதற்குப் பிடிக்கும். இன்னொரு பச்சோந்தி கண்ணில் பட்டாலே உடல் விறைக்கும். கண்ணாடியில் தன் உருவத்தைப் பார்த்துச் சீறுவதும் உண்டு!

தோலுக்குள் படிகங்கள்

பச்சோந்தியின் தோலில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய படிகங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. ஜெனீவா பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 2015-ல் இந்த ரகசியத்தை வெளியிட்டனர். பிராணி அமைதியாக இருக்கும்போது படிகங்கள் நெருங்கி நிற்கின்றன. தோல் பச்சையாகத் தெரிகிறது. கிளர்ச்சி அடைந்தால் படிகங்கள் விலகுகின்றன; மஞ்சளும் சிவப்பும் மேலோங்குகின்றன.

கறுப்புக்கு வேறு அர்த்தம். அரிசோனா அரசுப் பல்கலைக்கழகத்தில் ரஸல் லிகன் என்பவர் ஏமன் பச்சோந்திகள் சண்டையிடுவதைக் கவனித்து, 2014-ல் தம் முடிவுகளை வெளியிட்டார். தோற்கும் பச்சோந்தி சட்டென்று கறுத்துவிடுகிறது. "நான் தோற்றேன், என்னை விட்டுவிடு" என்பதற்கு அதுவே அடையாளம்! வென்றதும் தன் தாக்குதலைக் குறைத்துக்கொள்கிறது.

வளர்ப்பவரின் கையில் அகப்பட்ட பச்சோந்தியும் இப்படித்தான் கறுக்கிறது. ஆனால் மனிதருக்கு அந்தப் பாஷை தெரிவதில்லையே!

தண்ணீர் தெளிப்பது எப்படி?

கிண்ணத்தில் அசையாமல் கிடக்கும் தண்ணீரைப் பச்சோந்தி பெரும்பாலும் சீண்டாது. காட்டில் இலைகளில் உருளும் பனித்துளியையும் மழைத்துளியையும் நக்கிக் குடித்துப் பழகிய பிராணி அது. ஆகவே கூண்டுக்குள் தண்ணீர் தெளிப்பது அவசியம்.

இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். குளிர்ந்த நீரை நேரே அதன் முகத்தில் பீய்ச்சுகிறார்கள். பச்சோந்தி கிளையின் மறுபுறம் ஓடி ஒளிகிறது, கறுக்கிறது, உடலை உப்பிக்கொண்டு சீறுகிறது. 'தண்ணீர் பிடிக்கவில்லை போலும்' என்று தெளிப்பதையே நிறுத்திவிட்டால், தாகத்தாலேயே அது நலியும்.

பிராணியின் மேல் தெளிக்க வேண்டாம். இலைகளின் மேல் தெளித்தால் போதும். தண்ணீர் புகைபோல் மெல்லியதாக விழட்டும். பனி இறங்கும் இரவும் விடியற்காலையும் ஏற்ற நேரம். பிறகு கூண்டு நன்றாக உலர வேண்டும். எப்போதும் ஈரம் தேங்கினால் நோய் வரும்.

தண்ணீர் பட்டதும் பச்சோந்தி கண்ணைப் பிதுக்கி உருட்டினால் பயப்பட வேண்டியதில்லை. கண்ணிலுள்ள தூசியைக் கழுவிக்கொள்கிறது, அவ்வளவுதான். ஆனால் பகல் வேளையில் கண்ணை மூடியே கிடந்தால் அது தூக்கமல்ல, ஆபத்தின் அறிகுறி. உடனே மிருக வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

கை அல்ல, கழுகு!

மேலிருந்து இறங்கும் கை, பச்சோந்திக்குக் கழுகாகவே தோன்றும். முதலில் கிளைக்குப் பின்னால் மறையும். பிறகு பக்கவாட்டில் தட்டையாகி, உடலைப் பெரிதாகக் காட்டும். வாயைப் பிளக்கும், சீறும். அப்போதும் கை விலகாவிட்டால் கடிக்கும், அல்லது கிளையை விட்டுக் கீழே விழும்.

சில பச்சோந்திகள் கையில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கும். "என்னிடம் எவ்வளவு பிரியம் பாருங்கள்!" என்று வளர்ப்பவர் பூரித்துப்போவார். பிரியமல்ல, தப்பிக்க வழியில்லாத பயமாகவும் அது இருக்கலாம். நாயைப் போலத் தடவிக்கொடுத்தால் மகிழும் பிராணி அல்ல இது.

எடுத்தே தீரவேண்டுமானால், எதிரே தாழ்வாக ஒரு குச்சியை நீட்ட வேண்டும். தானாக ஏறி வரட்டும். இழுத்துப் பிடுங்கினால் கிளையை இறுகப் பற்றியிருக்கும் கால்களும் நகங்களும் காயப்படும்.

எல்லாக் கறுப்பும் பயமல்ல

காலையில் வெயில் காயும்போதும் பச்சோந்தி கறுக்கும். கறுத்த தோல் சூட்டை விரைவில் வாங்கும். முட்டை சுமக்கும் பெண்ணும் நிறம் கறுத்திருக்கும். ஆகவே நிறத்தை மட்டும் பார்த்தால் போதாது. என்ன வேளை, யார் அருகில் நிற்கிறார்கள், உடல் உப்பியிருக்கிறதா, கண் திறந்திருக்கிறதா என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆள் விலகியதும் பச்சை திரும்பினால், அந்தக் கறுப்புக்குக் காரணம் அந்த ஆள்தான்!

நம் நாட்டிலும் பச்சோந்தி உண்டு. தமிழகத்துப் புதர்களிலும் வேலிகளிலும் காணலாம். ஆனால் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். வேலியில் அதைக் கண்டால் நாலடி தள்ளி நின்று பார்ப்பதே நல்லது. பச்சை மாறாமல் இருந்தால், நம்மைப் பார்த்து அது பயப்படவில்லை என்று மகிழலாம்.