திருக்குணகிரிப் பள்ளியும் பெருவழியும்

'பள்ளி' என்னும் சொல் பௌத்தத் துறவோர் உறைவிடத்திற்கும் சமணத் துறவோர் உறைவிடத்திற்கும் பொதுவாய் வழங்கியது. பின்னர்க் கல்வி பயிலும் இடத்தையும் குறிக்கலாயிற்று. இப்பள்ளிகள் ஊரொடும் உலகொடும் தொடர்பற்ற தனியிடங்கள் என்பது பலர் கொள்கை. அக்கொள்கை பொருந்தாமையைக் கம்பம் பள்ளத்தாக்கின் பாறையொன்று காட்டுகின்றது.

சீனத்துப் பௌத்தப் பள்ளிகளின் தன்மையை ஈண்டு ஒப்புநோக்கல் தகும். கி.பி. 401இல் சாங்கான் நகரை அடைந்த குமாரசீவர், சீனத் துறவியர் பலருடன் அமர்ந்து வடமொழி நூல்களைச் சீனத்தில் பெயர்த்தார். தென்னிந்தியாவினின்று கடல்வழிச் சென்ற வச்சிரபோதியும் அந்நாட்டுப் பள்ளிகளில் அப்பணியே புரிந்து, 741இல் ஆங்கே மறைந்தார். அரசர் ஆதரவு பெற்ற அப்பள்ளிகளில் வேற்றுமொழி நூல்கள் முழுமையாகவே சீனமாயின. நம் பள்ளத்தாக்கில் எஞ்சியிருப்பன நூல்கள் அல்ல. கல்லிற் பொறித்த சில பெயர்களே. ஆயினும் அப்பெயர்கள் கூறும் செய்தி சிறிதன்று.

தேனி மாவட்டத்து உத்தமபாளையத்தில், கருப்பண்ணசாமி கோயிலை அடுத்த பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசையாகப் புடைப்பாகச் செதுக்கப்பட்டுள்ளன. பாம்புக் குடை கவிந்த பார்சுவநாதரும் முக்குடைக்கீழ் அமர்ந்த மகாவீரரும் அவற்றுட் காணத்தக்கோர். அவற்றின் கீழ் வட்டெழுத்தில் அச்சணந்தி, அரிட்டநேமி முதலியோர் பெயர்கள் உள்ளன. இப்பள்ளிக்குத் திருக்குணகிரி என்பது பெயர்.

'ஆர்ய' என்னும் வடசொல் பாகதத்தில் 'அஜ்ஜ' எனத் திரிந்தது. அதனை எழுதப் புகுந்த தமிழ்ச் சிற்பி, தன் எழுத்தில் உள்ள வல்லின இரட்டையாலேயே 'அச்ச' என்றான். அரிஷ்டநேமி அரிட்டநேமி ஆனதும் இம்முறையானே. பெயரை அடுத்து நிற்கும் 'செயல்' என்பதோ தூய தமிழ். ஆகவே வடபுலத்துப் பெயரும், பாகத ஒலியும், தமிழ்ச் சொல்லும், பாண்டி நாட்டு எழுத்தும் ஒரு வரிக்குள் கூடியிருத்தல் காண்க. சமணரை இம்மொழிக்கு அயலார் என்போர் இவ்வொரு வரியையேனும் படித்தல் வேண்டும்.

இப்பள்ளி அமைந்த இடமும் கருதத்தக்கது. மதுரையினின்று மேற்கே செல்லும் வழி இப்பள்ளத்தாக்கினூடே கூடலூர் வரை சென்று, குமுளி மலையேறிச் சேரநாடு புகுகின்றது. மதுரையை நீங்கிய கண்ணகி வையைக் கரைவழியே மேற்றிசை சென்று மலையேறினாள் என்னும் சிலப்பதிகாரச் செய்தியும் இத்திசை வழியின் பழமைக்குச் சான்றாம். வழிச்செல்வோர் தங்குதற்கு ஏற்ற இடத்தையே துறவோரும் தேர்ந்துள்ளனர்.

பழனிக்கு அணித்தான ஐவர்மலையில் உள்ள வரகுண பாண்டியன் காலத்துக் கல்வெட்டொன்று சக ஆண்டு 792, அஃதாவது கி.பி. 870, எனக் காலம் தெளிவுறக் குறிக்கின்றது. சாந்திவீரக் குரவர் அங்குப் பார்சுவ படாரர் திருமேனியைப் புதுக்கி, அவிக்கும் ஓர் அடிகளின் உணவிற்குமாக 505 காணம் பொன் வைத்தார் என்பது அதன் செய்தி. 'படாரர்' என்னும் இச்சொல் அக்காலத்துச் சிவன் கோயிற் கல்வெட்டுகளிலும் பயில்கின்றது. சமயப் பகையை மட்டுமே எழுதிச் செல்லும் வரலாற்றாசிரியர் இத்தகைய பொதுச் சொற்களை ஏனோ கணக்கிற் கொள்வதில்லை.

அச்சணந்தியின் பெயர் ஐவர்மலையிலும், மதுரையைச் சூழ்ந்த குன்றுகள் சிலவற்றிலும், தெற்கே சிதறாலிலும் காணப்படுகின்றது. வடக்கே வள்ளிமலையில் அதுவே கன்னடக் கல்வெட்டில் 'அஜ்ஜணந்தி' என மெல்லொலி மாறாமல் நிற்கின்றது.