கேட் பாஸைப் பத்திரமா வெச்சுக்கங்க

ஸ்ரீபெரும்புதூர் தாண்டி பெங்களூர் நெடுஞ்சாலையில் போகிற எவருக்கும் சுங்குவார்சத்திரம் கூட்டுரோடு தெரியும். வலக்கைப் பக்கம் திரும்பினால் திருவள்ளூர், இடக்கைப் பக்கம் வாலாஜாபாத், நேரே காஞ்சிபுரம். ஷிப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி பஸ்களுக்கு நடுவே சாலையைக் கடப்பதே ஒரு வேலை. இங்கே போனும் டிவியும் ஃப்ரிட்ஜும் செய்கிறவர்களைப் பற்றிக் கொஞ்சமாவது பேசப்படுகிறது. 2024 செப்டம்பரில் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது இந்த ஊரின் பெயரைச் சொல்ல டெல்லிச் சேனல்காரர்களும் நாக்கைப் பழக்கிக்கொண்டார்கள். ஆனால் அந்தத் தொழிற்சாலைகளைக் கட்டியவர்கள் யார் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. திறப்புவிழாவுக்குப் பந்தல் போடும்போது அவர்கள் அடுத்த சைட்டில் கம்பி கட்டிக்கொண்டிருப்பார்கள்.

பெரிய கட்டுமான வளாகங்களின் வாசலில் ஒரு பலகை நிற்கும். விபத்தே இல்லாமல் இத்தனை லட்சம் மணி நேரம் வேலை நடந்திருக்கிறது என்று அதில் எழுதியிருக்கும். நல்ல எண்ணத்தில் வைத்த பலகைதான். ஆனால் ஒரு விபத்தைப் பதிவு செய்தால் அந்த எண் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். சப்-கான்ட்ராக்டருக்கு அடுத்த வேலை கிடைப்பதும் கிடைக்காததும் அதைப் பொறுத்தது என்றால், ஒருவன் விரல் நசுங்கியதை எழுதி வைக்க எந்த சூப்பர்வைசருக்கு மனம் வரும்?

சாவை மறைக்க முடியாது. 2012 ஆகஸ்ட் 6 அன்று சுங்குவார்சத்திரத்தை ஒட்டிய குன்னத்தில், ஜேப்பியார் தொழில்நுட்பக் கல்லூரி வளாகத்தில் கட்டிக்கொண்டிருந்த உள்ளரங்கம் சரிந்து 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். போலீஸ் வந்தது, கைதுகள் நடந்தன. 2014 ஜூன் 28 அன்று, அப்போது காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் உட்கார்ந்துபோனது. 61 பேர் இறந்தார்கள், 27 பேரை உயிரோடு மீட்டார்கள். பக்கத்தில் நின்ற இன்னொரு கோபுரத்தை 2016 நவம்பர் 2 அன்று வெடி வைத்துத் தகர்த்ததை நாம் எல்லோரும் டிவியில் பார்த்தோம். 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து 9 வெளிமாநிலத் தொழிலாளர்கள் இறந்தார்கள். அவர்களுடைய குடும்பங்களுக்குத் தலா 10 லட்ச ரூபாய் என்று முதல்வர் அறிவித்தார். இறந்தவர்களின் எண்ணிக்கை பெரிதாக இருந்தால் அரசின் பணம் விரைவாக வருகிறது. அது வேண்டியதுதான். ஆனால் அது அரசு மனம் இரங்கித் தருவது. முதலாளி சட்டப்படி தர வேண்டிய தொகைக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஒன்றை வாங்கிவிட்டதால் மற்றது கழிந்துவிடாது.

நான் சொல்ல வருவது மௌலிவாக்கத்தின் 61 பேரைப் பற்றியல்ல, அந்த 27 பேரைப் போன்றவர்களைப் பற்றி. ஒற்றை ஆளாக விழுந்து, ஒற்றை ஆளாக ஆஸ்பத்திரிக்குப் போய், கட்டுப் போட்டுக்கொண்டு ரயில் ஏறுகிறவர்களைப் பற்றி. ஷெட் கூரையில் வெளிச்சத்துக்காகப் பதிக்கும் பிளாஸ்டிக் ஷீட்டில் தெரியாமல் கால் வைத்து முப்பது அடி கீழே விழுந்தவர். சென்ட்ரிங் பிரிக்கும்போது பலகை தோளில் இறங்கியவர். கம்பி வெட்டும் மெஷினில் விரல் விட்டவர். இவர்களுக்கு மந்திரி வரமாட்டார். மேஸ்திரிதான் வருவார். "தம்பி, ஆஸ்பத்திரி செலவ நாங்க பாத்துக்கறோம். ஊருக்குப் போயிட்டு வா, கை சரியானதும் போன் பண்றோம்" என்பார். அவர் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமில்லை. பல நேரம் அவரும் காயம்பட்டவரும் ஒரே ஊர்க்காரர்கள், அட்வான்ஸ் கொடுத்து அழைத்து வந்தவரே அவர்தான். வழக்குப் போடுவதில் முதல் தடை இந்த உறவுதான். சட்டப் புத்தகத்தில் அதற்கு விடை கிடையாது.

சட்டம் என்னமோ தொழிலாளி பக்கம் நன்றாகவே சாய்ந்திருக்கிறது. 1923இல் வெள்ளைக்காரன் காலத்தில் வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், முதலாளி கவனக்குறைவாக இருந்தார் என்று நிரூபிக்கச் சொல்வதில்லை. வேலையில் இருக்கும்போது, வேலை காரணமாக அடிபட்டது என்று காட்டினால் போதும். ஹெல்மெட்டைக் கழற்றி வைத்தார், குடித்திருந்தார் என்று முதலாளி வாதாடலாம். ஆனால் அந்த வாதம் எல்லா விபத்துக்கும் செல்லாது. சாவும் முழு நிரந்தர ஊனமும் என்றால் அதைக் காட்டித் தப்ப முடியாது.

கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் பேரம் பேச வருகிறவர் இந்தக் கணக்கைச் சொல்லப்போவதில்லை. 30 வயது சென்ட்ரிங் தொழிலாளி. மாதம் 20,000 ரூபாய்க்கு மேல் கூலி வந்தாலும் சட்டம் 15,000 வரைதான் ஏற்கும். 2020 ஜனவரி முதல் அதுதான் வரம்பு. அதற்கு முன் பத்தாண்டு காலம் 8,000 என்றே கிடந்தது. அந்த 15,000இல் 60 சதவீதம் 9,000. அதை வயதுக்கேற்ற காரணியால் பெருக்க வேண்டும். 30 வயதுக்கு அது 207.98. ஆக, இனி எந்த வேலையும் செய்ய முடியாது என்ற நிலைக்கு 18,71,820 ரூபாய். ஒரு கை போனால் சட்டத்தின் அட்டவணைப்படி அதில் 60 சதவீதம், 11,23,092 ரூபாய். கட்டைவிரலுக்கு 30 சதவீதம், 5,61,546 ரூபாய். ஆள்காட்டி விரல் முழுசாகப் போனால் 14 சதவீதம், இரண்டு லட்சத்து அறுபத்திரண்டாயிரம் சொச்சம். அதே ஆள் இறந்திருந்தால் கூலியில் 50 சதவீதத்தைத்தான் பெருக்குவார்கள், 15,59,850 ரூபாய் வரும். செத்தவரைவிடப் படுக்கையில் கிடப்பவருக்குச் செலவு அதிகம் என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. மருத்துவச் செலவு இதற்கு மேல் தனி. ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் 12 சதவீத வட்டி. தகுந்த காரணமில்லாமல் இழுத்தடித்தால் 50 சதவீதம் வரை அபராதம்.

அட்டவணையும் முடிந்த முடிவல்ல. ஒடிசாவில் ஒரு சினிமா தியேட்டரில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்த தச்சர் 1968இல் கீழே விழுந்தார், இடது கையை எடுக்க வேண்டியதாயிற்று. ஒரு கைதானே போனது, முழு ஊனத்துக்கான தொகை எதற்கு என்று வாதாடினார் தியேட்டர் உரிமையாளர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒரு கையால் தச்சு வேலை செய்ய முடியாது, அவரைப் பொறுத்தவரை போனது நூறு சதவீதம்தான் என்று 1975இல் தீர்ப்பு வந்தது. 9,800 ரூபாய் இழப்பீடு, அதற்கு மேல் பாதித் தொகை அபராதம், வட்டி. ஒரு கையால் சென்ட்ரிங்கும் அடிக்க முடியாது, சாரமும் ஏற முடியாது. முதுகுத்தண்டு, தலைக்காயம் போன்றவை அட்டவணையிலேயே இல்லை. சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்று மருத்துவர்தான் மதிப்பிட வேண்டும். எனவே ஊனச் சான்று வாங்கும்போது, என்ன வேலை பார்த்தவர் என்பதை மருத்துவரிடம் விளக்கமாகச் சொல்லியாக வேண்டும்.

இவ்வளவு இருந்தும் ஏன் பணம் வருவதில்லை? பணத்தட்டுப்பாடு முக்கியக் காரணம் அல்ல. இந்த வட்டாரத்துப் பெரிய வேலைகளில் டபிள்யூ.சி. பாலிசி என்று பேச்சுவழக்கில் சொல்லும் இன்சூரன்ஸ் எடுத்துக் காட்டினால்தான் சப்-கான்ட்ராக்டரை உள்ளேயே விடுவார்கள். இழப்பீட்டை இன்சூரன்ஸ் கம்பெனி தரும், அபராதம் முதலாளி தலையில். வழக்கு உடைவது வேறு இடத்தில்: இவர் இந்த சைட்டில் இன்னாரிடம் வேலை பார்த்தார் என்பதை நிரூபிக்கும் இடத்தில். தொழிற்சாலை ஒரு கம்பெனியுடையது. கட்டுவது ஒரு பெரிய நிறுவனம். சிவில் வேலை ஒருவர், ஷெட் வேலை இன்னொருவர். அவருக்குக் கீழே லேபர் கான்ட்ராக்டர். அவருக்கும் கீழே மேஸ்திரி. வழக்கென்று வந்தால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டுவார்கள். சட்டம் இதை முன்பே யோசித்திருக்கிறது. தன் தொழிலின் வழக்கமான பகுதியாக உள்ள வேலையைக் கான்ட்ராக்ட் விட்டால், கான்ட்ராக்டரின் ஆளுக்கும் தலைமை நிறுவனமே பொறுப்பு. கார் கம்பெனிக்குக் கட்டடம் கட்டுவது வழக்கமான தொழில் அல்ல, அது நழுவலாம். கட்டுமான நிறுவனம் நழுவ முடியாது. அதனால் மனுவில் மேஸ்திரி பெயரை மட்டும் எழுதுவது பெரிய தவறு.

நிரூபணம் முதல் நாளிலேயே தொடங்குகிறது. அரசு ஆஸ்பத்திரியில் விபத்துப் பதிவேட்டில், எல்லோரும் ஏ.ஆர். காப்பி என்று சொல்கிற அந்தத் தாளில், எப்படி அடிபட்டது என்ற ஒரு வரி வரும். கூட வந்தவர் "பைக்ல விழுந்துட்டாரு" என்றோ "ரூம்ல வழுக்கிட்டாரு" என்றோ சொல்லிவிட்டால் பிறகு அதை மாற்றுவது மலையைப் புரட்டுகிற வேலை. நினைவிருந்தால் காயம்பட்டவரே வாயைத் திறந்து சைட்டின் பெயரைச் சொல்ல வேண்டும். அதற்கடுத்து கேட் பாஸ். விபத்தன்று அதைத்தான் முதலில் திருப்பிக் கேட்பார்கள். போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளாமல் தரக் கூடாது. சேஃப்டி வகுப்பில் கையெழுத்துப் போட்ட தாள், ஜிபேயில் கூலி வந்த பதிவு, மேஸ்திரியோடு வாட்ஸ்அப் பேச்சு, ஹெல்மெட்டில் கம்பெனி பெயரோடு எடுத்த செல்ஃபி எல்லாமே சாட்சிதான். இந்தச் செல்ஃபி மோகத்தை நாம் கேலி செய்வதுண்டு, இதற்காவது உதவட்டும்.

பெண்கள் நிலைமை இன்னும் மோசம். ஜோடியாக வேலைக்கு வரும் இடங்களில் கூலி கணவர் கணக்கில் போகும், சித்தாளாக மண் சுமந்தவரின் பெயர் எந்த நோட்டிலும் இருக்காது. அவர் அடிபட்டால் அங்கே நின்றதற்கே காரணம் சொல்ல வேண்டி வரும்.

பிறகு அந்தக் கையெழுத்து. உறையில் ஒரு தொகை, கீழே ஒரு தாள்: இனி எனக்கு எந்தப் பாக்கியும் இல்லை. "பேசி முடிச்சாச்சு" என்று சைட்டில் சொல்வது இதைத்தான். பயப்பட வேண்டாம், உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. சமரசம் செய்துகொண்டாலும் அதை இழப்பீட்டு ஆணையரிடம் பதிவு செய்தாக வேண்டும். 1923ஆம் வருடச் சட்டத்தின் கீழ் தமிழ்நாட்டில் தொழிலாளர் துணை ஆணையர்தான் அந்த ஆணையர். சாவு என்றால் பணத்தை அவரிடம் டெபாசிட் செய்வது மட்டுமே வழி, குடும்பத்தார் கையில் நேரே கொடுத்தது இழப்பீடாகவே கணக்கில் வராது. பெண் தொழிலாளிக்கு மொத்தமாகத் தரும் தொகைக்கும் இதே விதி. மேல்முறையீடு போக வேண்டுமானால் முதலாளி முழுத் தொகையையும் முதலில் கட்டிவிட்டுத்தான் போக முடியும்.

ஊருக்கு அனுப்பிவிட்டால் ஆள் திரும்ப வரமாட்டான் என்ற துணிச்சலில்தான் ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுக்கப்படுகிறது. அந்தத் துணிச்சலுக்குச் சட்டத்தில் ஆதாரம் இல்லை. விபத்து நடந்த இடத்தில்தான் மனு போட வேண்டும் என்பதில்லை, மனுதாரர் குடியிருக்கும் ஊரிலும் போடலாம். சுங்குவார்சத்திரத்தில் விழுந்தவர் ராமநாதபுரத்திலோ ராஞ்சியிலோ இருந்துகொண்டு வழக்கு நடத்தலாம். 1923ஆம் வருடச் சட்டம் கொடுத்த அவகாசம் இரண்டு வருடம். கட்டு அவிழ்த்து, அலைந்து, மேஸ்திரி போனை எடுப்பாரா என்று காத்திருப்பதிலேயே அதில் பாதி கரைந்துவிடுகிறது.

ஈ.எஸ்.ஐ. இருந்தால் பாதை வேறு. கட்டுமான சைட் தொழிலாளர்களுக்கு 2015 ஆகஸ்ட் முதல் ஈ.எஸ்.ஐ. உண்டு, மாதச் சம்பளம் 21,000 வரை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் பலன் உண்டு. வேலைக்குப் போக முடியாத காலத்துக்குக் கூலியில் 90 சதவீதம், நிரந்தர ஊனத்துக்கு மாதாமாதம் பணம். ஆனால் ஈ.எஸ்.ஐ. உள்ளவர் மேலே சொன்ன இழப்பீட்டைக் கேட்க முடியாது. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருந்தால் அந்த உதவி தனி. 1982இல் வந்த தமிழ்நாட்டுச் சட்டத்தின் கீழ் 1994இல் அமைந்தது இந்த வாரியம். 1996இல் மத்திய அரசு கட்டுமானத் தொழிலாளர்களுக்குச் சட்டம் கொண்டுவருவதற்கு முன்பே இங்கே சங்கங்கள் போராடி வாங்கிவிட்டன. அந்தப் பெருமை கொண்ட மாநிலத்தில், வெளியூர்த் தொழிலாளி ஒருவர் பதிவு செய்ய வேண்டும் என்றால் வேலைச் சான்றுக்காகப் பல நேரம் அதே கான்ட்ராக்டரின் கையை எதிர்பார்த்து நிற்க வேண்டியிருக்கிறது.

2025 நவம்பர் 21 முதல் 1923ஆம் வருடச் சட்டம் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் ஏழாம் அத்தியாயத்துக்குள் போய்விட்டது. அடிப்படை அப்படியே இருக்கிறது. கூடுதலாக வந்தது ஒன்று: தங்குமிடத்திலிருந்து வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ நடக்கும் விபத்தும், வேலையோடு அதற்குத் தொடர்பு இருந்தால், வேலையில் நடந்ததாகவே கொள்ளப்படும். விடியற்காலையில் ஆள் ஏற்றிக்கொண்டு சைட்டுக்குப் போகும் லோடு வண்டிகளைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். ஆனால் அந்த வண்டியில் யார் யார் ஏறினார்கள் என்று எழுதி வைக்கும் வழக்கம் பெரும்பாலும் கிடையாது. பெரிய நிறுவனங்கள் கேட்டில் நுழைந்த பிறகுதான் தலையை எண்ணுகின்றன. இனி வண்டி புறப்படும் இடத்திலேயே எண்ணச் சொல்ல வேண்டியது தொழிலாளர் துறை. அதுவரை, வண்டி நம்பர் தெரியும்படி ஒரு போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஏறுங்கள்.