ஒரு மில்லிமீட்டர் கண்ணுக்குள் ஒரு போர்வீரன்: மினியேச்சர் முகங்களுக்கு உயிர் வருவது எப்படி?

சித்திரை பௌர்ணமி நெருங்கினால், விழுப்புரத்திலிருந்து சுமார் 30 கி.மீ. தூரத்தில் இருக்கும் கூவாகத்தில் கூட்டம் அலைமோதும். கூத்தாண்டவர் கோயிலில் திருநங்கைகள் தாலி கட்டிக்கொள்வதும், மறுநாள் தேரோட்டமும் தாலி அறுப்பும் எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்னால் நடக்கும் ஒரு சடங்கு மட்டும் செய்திகளில் ஒரே வரியில் முடிந்துவிடும்: 'சுவாமி திருக்கண் திறத்தல்'.

கூத்தாண்டவர் என்பது அரவான். பாண்டவர்கள் ஜெயிக்க வேண்டும் என்பதற்காகக் களப்பலியான வீரன். 18 நாள் போரையும் முழுசாகப் பார்க்க வரம் வாங்கிய தலை அவனுடையது என்பது இந்தப் பக்கத்துக் கதை. அதனால் அந்த முகத்தில் பெரிய மீசையைவிட முக்கியம் கண்தான்.

ஒரு வீரனின் முகத்தில் கண்ணை எப்படித் திறப்பது? இதே கேள்வியோடு உலகம் முழுக்க இன்னொரு கூட்டமும் மேஜை விளக்கின் கீழே பிரஷ்ஷுடன் உட்கார்ந்திருக்கிறது. அவர்கள் ஸ்கேல் மாடல் செய்பவர்கள். அவர்களுடைய வீரன் விரல் நீளம்கூட இருக்க மாட்டான்.

எவ்வளவு சின்னது?

இந்தப் பொழுதுபோக்கில் அதிகம் புழங்கும் அளவு 1/35. அதாவது நிஜத்தில் 35 செ.மீ. இருப்பது மாடலில் 1 செ.மீ. ஜப்பானின் தமியா நிறுவனம் 1968-ல் ஒரு டாங்கிப் படைவீரர் செட்டுடன் தன்னுடைய ராணுவ மினியேச்சர் வரிசையை இந்த அளவில்தான் தொடங்கியது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 175 செ.மீ. உயர வீரன் இதில் 5 செ.மீ. ஆகிவிடுவான். தலை சுமார் ஆறரை மில்லிமீட்டர். ஒரு பொன்னி அரிசியைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். கண்ணின் அகலம் ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே. கருவிழி அதில் மூன்றில் ஒரு பங்கு.

தோல் நிறம் மட்டும் அடித்தால் போதாதா?

போதாது. காரணம் வெளிச்சம். பொம்மையை 35 மடங்கு சின்னதாக்கலாம், அறையின் வெளிச்சத்தை அப்படிச் சின்னதாக்க முடியாது. நிஜ முகத்தில் புருவத்துக்குக் கீழே, மூக்குக்குப் பக்கத்தில், உதட்டுக்கு அடியில் நிழல் விழும். அரிசி அளவு முகத்தில் அந்த நிழல் கண்ணுக்கே தெரியாது. ஒரே நிறத்தை அடித்துவிட்டால் முகம் மெழுகு உருண்டை மாதிரி ஆகிவிடும்.

அதனால் இல்லாத நிழலையும் வெளிச்சத்தையும் பெயின்ட்டிலேயே போட வேண்டும். கண்குழி, கன்னத்துக்குக் கீழே, தாடையின் அடிப்பகுதி இவற்றுக்கு அடர் நிறம். நெற்றி, மூக்கு நுனி, கன்னத்தின் மேல் எலும்பு, கீழுதடு, முகவாய் இவற்றுக்கு வெளிர் நிறம். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மிகையாகத் தெரியும். கை நீட்டும் தூரத்தில் வைத்தால் சரியாகிவிடும்.

தெருக்கூத்து பார்த்தவர்களுக்கு இது புதுசு இல்லை. கூத்துக்காரர் வேஷம் கட்டும்போது கிட்டே போய்ப் பார்த்தால் அந்தப் புருவமும் மீசையும் ஏகத்துக்குத் தடிமனாக இருக்கும். ராத்திரி விளக்கில், கடைசி வரிசையில் பாயில் உட்கார்ந்திருப்பவருக்கும் அந்த முகபாவம் போய்ச் சேர வேண்டும் இல்லையா?

கண் முதலிலா, கடைசியிலா?

இங்கேதான் இரண்டு கூட்டமும் பிரிகிறது. நம்ம ஊரில் சாமி சிலையோ அய்யனாரின் வீரனோ, கண் திறப்பது கடைசி வேலை. உடம்பு, உடை, ஆயுதம், மீசை எல்லாம் முடிந்த பிறகுதான் கருவிழி. அதுவரை அது மண் அல்லது சிமெண்ட். அதற்குப் பிறகு சாமி.

மினியேச்சர் செய்பவர்களில் பலர் நேர்மாறாக, தோலுக்கு முதல் பூச்சு கொடுத்ததுமே கண்ணைப் போட்டுவிடுவார்கள். காரணம் பக்தி சம்பந்தப்பட்டது இல்லை. கண்ணில்தான் கை அதிகம் தவறும். பிசிறு வெளியே வந்தால், தோல் நிறத்தை வைத்து இமையைத் திருத்திக்கொள்ளலாம். ஒரு கண் நன்றாக அமைந்து அடுத்தது கோணலாகிவிட்டால், மேலே பூசி மூடிவிட்டு மறுபடி முதலிலிருந்து. கோயிலில் அந்த வசதி கிடையாது.

போடும் முறை இப்படி: முதலில் கண் இருக்கும் இடத்தில் அடர் பழுப்பு. அதற்குள் ஒரு சின்னக் கோடாக வெள்ளை. சுத்த வெள்ளை வேண்டாம், கொஞ்சம் சாம்பலோ மஞ்சளோ கலந்தது. விளிம்பில் மிச்சம் தெரியும் பழுப்புதான் இமை முடி. அதன் நடுவில் கருவிழிப் புள்ளி. வலது கைக்காரர்களுக்கு இரண்டில் ஒரு கண் எப்போதும் எட்டாத கோணத்தில் இருக்கும். கஷ்டமான அந்தக் கண்ணை முதலில் போட்டுவிட்டு, சுலபமானதை அதற்குப் பொருத்துவது நல்லது.

முழிக்கிற கண் தப்பா?

புதுசாகத் தொடங்குபவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு ஒன்று உண்டு. வெள்ளைக்கு நடுவில் குட்டியாக ஒரு கறுப்புப் புள்ளி, சுற்றிலும் வெள்ளை தெரியும். வீரன் பேயைப் பார்த்தவன் மாதிரி முழிப்பான். நிஜத்தில் மேல் இமையும் கீழ் இமையும் கருவிழியைக் கொஞ்சம் மறைத்துத்தான் இருக்கும். அதனால் புள்ளி இரண்டு இமையையும் தொட வேண்டும். இரண்டு கண்ணும் நேராகப் பார்ப்பதைவிடக் கொஞ்சம் பக்கவாட்டில் பார்த்தால் இன்னும் நல்லது. அவன் எதையோ கவனிக்கிறான் என்று தோன்றும்.

ஆனால் திண்டிவனம், விழுப்புரம் பக்கத்து ஊர் எல்லையில் நிற்கும் அய்யனார் கோயில் வீரர்களைப் பாருங்கள். உருண்டையான கண், கருவிழியைச் சுற்றி முழு வெள்ளை. மினியேச்சர் போட்டியில் மார்க் குறையும். இங்கே அது தப்பே இல்லை. ராத்திரி ஊருக்குள் நுழைபவனை அந்த வீரன் தூரத்திலிருந்தே மிரட்ட வேண்டும். கண் இமைக்காமல் காவல் காப்பதுதான் அவன் வேலை. கண் எவ்வளவு பெரிசு என்பதை அளவுகோல் தீர்மானிப்பதில்லை. யார், எவ்வளவு தூரத்திலிருந்து பார்க்கப்போகிறார்கள் என்பதுதான் தீர்மானிக்கிறது.

எது 'தோல் நிறம்'?

மாடல் பெயின்ட் வரிசைகளில் 'ஃபிளெஷ்' என்று ஒரு பாட்டில் இருக்கும். திறந்தால் வெளிர் ரோஸ், அதாவது ஐரோப்பியரின் தோல். இதே பெயரில் கிரயான் விற்ற அமெரிக்காவின் கிரயோலா நிறுவனம், 1962-லேயே அதை 'பீச்' என்று மாற்றிவிட்டது. மாடல் உலகில் அந்தப் பெயர் இன்னும் போகவில்லை.

இது வெறும் பெயர்ச் சண்டை இல்லை. திண்டிவனத்திலிருந்து மேற்கே சுமார் 30 கி.மீ. போனால் செஞ்சிக் கோட்டை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த 12 மராட்டியக் கோட்டைகளில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது இது ஒன்றுதான். 1677-ல் சிவாஜி, 1698-ல் முகலாயர், 1750-ல் பிரெஞ்சுக்காரர், 1761-ல் ஆங்கிலேயர் என்று கை மாறிக்கொண்டே இருந்த கோட்டை. தளபதிகளின் பெயர்கள் புத்தகத்தில் இருக்கின்றன. மதில் ஏறிய சாதாரண சிப்பாய்க்கு ஓவியம் கிடையாது, பெயரும் கிடையாது. இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படையில் சுமார் 25 லட்சம் பேர் இருந்தார்கள். அவர்களையும் மெட்ராஸ் ரெஜிமென்ட் வீரனையும் மேஜையில் நிறுத்த நினைப்பவருக்கு அந்த ரோஸ் பாட்டில் உதவாது. முகம் யாருடையது என்பதை பிரஷ் பிடிப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

மாநிறம், கறுப்பு நிற முகங்களுக்கு விதி கொஞ்சம் வேறு. வெளிச்சம் விழும் இடத்துக்கு வெள்ளை கலந்தால் முகம் சாம்பல் பூசியதுபோல் வெளிறிப்போகும். அதற்குப் பதில் காவி மஞ்சளோ ஆரஞ்சோ கலக்கலாம். நிழலுக்குக் கறுப்பு வேண்டாம். செம்பழுப்பு, அல்லது அதில் துளி ஊதா. உதட்டுக்கு ரோஸ் இல்லாமல் ஊதா கலந்த பழுப்பு. கடைசியில் மூக்கிலும் நெற்றியிலும் ஊசிமுனை அளவு வெளிர் புள்ளி வைத்தால், வியர்வை மின்னும் நம்ம ஊர் முகம் வந்துவிடும்.

தொடங்க என்ன வேண்டும்?

பத்துப் பிரஷ் தேவையில்லை. கூரான முனை இருக்கும் 0 அல்லது 1 நம்பர் பிரஷ் ஒன்று போதும். மிக மெல்லிய பிரஷ் வாங்கினால், நம்ம வெயிலில் முகத்தைத் தொடுவதற்குள் பெயின்ட் முனையிலேயே காய்ந்துவிடும். தட்டையான டப்பா மூடியில் ஈர டிஷ்யூ விரித்து, அதன் மேல் பட்டர் பேப்பர் போட்டு அக்ரிலிக்கைக் கலக்கினால் சீக்கிரம் காயாது. ஃபேனை மட்டும் நிறுத்தி வையுங்கள். எல்லாம் முடிந்ததும் முகத்துக்குப் பளபளப்பில்லாத வார்னிஷ், கண்ணுக்கு மட்டும் ஒரு துளி பளபளப்பு.

1/35 வீரன் முதல் நாளிலேயே வேண்டாம் என்று தோன்றினால், பயிற்சிக்கு வேறு இடம் இருக்கிறது. விழுப்புரம் காகிதக்கூழ் பொம்மைகளுக்குப் பேர் போன ஊர். பல வீடுகளின் பரணில், பழைய பேப்பரில் சுற்றிய கொலு பொம்மைகளில் ஒரு போலீஸ்காரரோ சிப்பாயோ மூக்கு நுனி தேய்ந்து, கண் மங்கிப்போய் நின்றுகொண்டிருப்பார். முகம் பெரிசு, திருத்துவது சுலபம். நவராத்திரிக்கு முன்னால் அவரைக் கீழே இறக்கி, தூசு தட்டி, வலது கண்ணிலிருந்து ஆரம்பிக்கலாம்.